பேரில்லாத புள்ளி

தடக் தடக் என்று தறி அடிக்கும். எனக்கு ஞாபகம் இருக்கிற முதல் சத்தம் அதுதான், டாக்டரம்மா. சோமனூர்ப் பக்கம் எங்கள் வீடு. முன்னறை முழுக்க விசைத்தறி, பின்னறையில் நாங்கள். எங்கள் அப்பா அம்மாவை அடிக்கும்போது தறியை நிறுத்த மாட்டார். நிறுத்தினால் தெருவுக்குக் கேட்டுவிடும். அம்மாவின் வாய் திறந்திருக்கும், சத்தம் வராது. தறிதான் அம்மாவுக்காகக் கத்துகிற மாதிரி இருக்கும். மானம் பார்க்கிற மனிதர். கடைசிவரைக்கும் எங்கள் வீட்டுச் சங்கதி ஒன்றுகூட வாசலைத் தாண்டியதில்லை.

மெதுவாக. அந்த மோதிர விரல்தான் இன்னும் மடங்க மாட்டேன் என்கிறது.

கை எப்படி இப்படி நசுங்கியது என்று போன வாரம் கேட்டீர்கள். அம்மிக்குழவி விழுந்துவிட்டது என்றேன். நீங்களும் தலையாட்டினீர்கள், ஆனால் நம்பவில்லை. குழவி என்ன, பரணில் வைக்கிற பொருளா? இன்றைக்குச் சொல்கிறேன். உங்களுக்கு என் தங்கச்சி வயது இருக்கும், அம்மிணி என்றே கூப்பிடலாமா? சரி, வேண்டாம். டாக்டரம்மா என்றே சொல்கிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் நான் கட்டிங் மாஸ்டர். மயில்சாமி மாஸ்டர் கை வைத்தால் துணி நூலளவு பிசகாது என்பார்கள். முழ உயரத்துக்கு அடுக்கிய துணியில் ஒரே ஓட்டத்தில் கழுத்து வெட்டி எடுப்பேன். அந்தக் கைதான் இது. பார்த்துப் பிடியுங்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் கம்பெனி டெய்லராக இருந்த என் பெண்டாட்டி கலாமணி வீட்டிலிருந்தே பிசிறு வெட்டுவாள். தைத்து முடித்த பனியனில் தொங்குகிற நூல்முனைகளை நறுக்கிவிடும் வேலை. மூட்டையை நானே கொண்டுவந்து போடுவேன், நானே எடுத்துப் போவேன். அவள் வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை. அப்படி வைத்திருந்தேன். குழந்தை இல்லை. ஒன்று தங்கியது. ஐந்தாம் மாதம் படியில் விழுந்துவிட்டாள். விழுந்துவிட்டாள் என்றுதான் ஆஸ்பத்திரியில் சொன்னோம். அதற்குப் பிறகு அவளுக்குப் பேச்சு குறைந்துபோனது. கேட்டதற்கு மட்டும் பதில். சோறு நேரத்துக்கு இருக்கும், துணி துவைத்திருக்கும், ஆனால் வீட்டில் ஆள் இருக்கிற மாதிரியே இருக்காது. உழைத்துவிட்டு வருகிற மனிதனுக்கு அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? கோபம் வரத்தான் செய்யும்.

போன ஆடியில்தான் அதைப் பார்த்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தேன். அவள் அடுப்படிச் சுவரில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை. எட்டிப் பார்த்தால் கறுப்புத் திரை. அதில் இரண்டு வெள்ளைப் புள்ளி, பக்கத்தில் பக்கத்தில். நடுவே வெளிச்சத்தால் ஆன ஒரு நூல். வேறு ஒன்றுமே இல்லை.

"என்னடி இது?"

"விளையாட்டுங்க."

"என்ன விளையாட்டு?"

"சும்மா இருக்கிறதுங்க."

"இதுல எது நீ?"

காட்டினாள்.

"அப்ப அது யாரு?"

"தெரியாதுங்க."

அங்கேதான் ஆரம்பித்தது.

தெரியாது என்றால் என்ன அர்த்தம்? நீங்கள் படித்தவர், சொல்லுங்கள். ஒருத்தியோடு ஒருத்தன் ஒட்டி நிற்கிறான், நடுவில் நூல் கட்டியிருக்கிறது, யார் என்று தெரியாதாம். பேர் கேட்டேன். பேர் கிடையாதாம். பேசுவானா? பேச வழி இல்லையாம். எழுதுவானா? எழுதவும் முடியாதாம். ஆணா பெண்ணா? அதுவும் தெரியாதாம். முதல் அறை அப்போது விழுந்தது. அன்றைக்குச் சோறு ஆறிப்போனது. கையால் கேட்டேன், பெல்ட்டால் கேட்டேன், தலையைச் சுவரில் முட்டவைத்துக் கேட்டேன். "சாமி சத்தியமாத் தெரியாதுங்க" என்பதைத் தவிர ஒரு சொல் வரவில்லை. அத்தனை அடிக்கும் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறாள் என்றால், அவன் எவ்வளவு வேண்டியவனாக இருக்க வேண்டும், பாருங்கள்.

போனை உடைக்கவில்லை. வேறு எவனாக இருந்தாலும் உடைத்திருப்பான். உடைத்துவிட்டால் அவன் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எங்கள் கம்பெனியில் தாமோதரன் என்று ஓர் அயர்ன் மாஸ்டர். டீ நேரத்தில் எல்லோரும் அரட்டையடிக்க, அவன் மட்டும் ஓரமாக உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் திரையிலும் அதே கறுப்பு, அதே புள்ளிகள். புள்ளி என்றுதான் அந்த விளையாட்டுக்கே பேராம். எனக்குச் சொல்லிக்கொடு என்றேன்.

"சொல்லிக்குடுக்க என்ன இருக்குது மாஸ்டர்? விரலை வெச்சா புள்ளி நகரும். ரெண்டு புள்ளி அசையாம பக்கத்துல நின்னா நடுவுல நூலு விழும். நிக்க நிக்கத் தடிக்கும். ஒருத்தன் சடார்னு விலகினாலோ, எவனாச்சும் குறுக்கே போனாலோ அறுந்துபோகும். அறுந்தா ரெண்டு பேரையும் ஆளுக்கொரு மூலைக்குத் தூக்கி அடிச்சிரும். அவ்வளவுதான்."

"ஜெயிக்கிறது எப்படி?"

"ஜெயிக்கிறதெல்லாம் கிடையாது."

"அப்புறம் என்ன கருமத்துக்குடா ஆடறீங்க?"

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். "எங்க போனாலும் என்னைய எவனாச்சும் ஏதாச்சும் கேட்டுக்கிட்டே இருக்கறான் மாஸ்டர். வீட்டுல கேக்கறாங்க, இங்க நீங்க கேக்கறீங்க. அங்க யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல. பக்கத்துல வந்து நிக்கறாங்க. புதுசா ஒருத்தன் வந்தா பழைய ஆளுங்க அவனை ஒரு சுத்து சுத்துவாங்க, வான்னு சொல்ற மாதிரி. கிளம்பறப்ப லேசா ஆடிக் காட்டுவாங்க, போயிட்டு வான்னு சொல்ற மாதிரி. இதையெல்லாம் எவனும் சொல்லிக்குடுக்கல. பேச முடியாதுன்னதும் மனுசனுக்குத் தன்னால மரியாதை வந்துருது போல."

"உன் பக்கத்துல நிக்கறது ஆம்பளையா, பொம்பளையா?"

"புள்ளி மாஸ்டர்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குறுக்கே போய் அறுக்கிறவனை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் செய்ய முடியாது, அவன் வந்தால் எல்லோரும் விலகிப் போய்விடுவார்கள், அவன் பாட்டுக்குத் தனியாகச் சுற்றிக்கொண்டிருப்பான் என்றான். அது போதும் எனக்கு. அன்றைக்கே என் போனில் ஏற்றிக்கொண்டேன்.

அவளுடைய இடம் மேலே இடது மூலை. அடிக்கிறபோதே திரையைப் பார்த்து வைத்திருந்தேன். மறுநாள் மத்தியானம் வெட்டுகிற மேசையில் சாய்ந்துகொண்டு அங்கே போனேன். இரண்டும் நின்றிருந்தன. நடுவில் இருந்தது நூல் இல்லை, கயிறு. நாள் கணக்கில் நின்றால்தான் அப்படித் தடிக்கும். குறுக்கே போனேன்.

டாக்டரம்மா, நான் எத்தனையோ துணி வெட்டியிருக்கிறேன். அப்படி ஒரு வெட்டு வெட்டியதில்லை. சத்தமே இல்லை. நூல் இரண்டு பக்கமும் சுருண்டு அணைந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பறந்தார்கள். தோள்பட்டைவரைக்கும் எனக்கு இனித்தது.

ஆனால் மறுபடி வந்தார்கள். பேரில்லாமல் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்கிறீர்களா? நடையை வைத்துத்தான். அவன் திரும்புவதற்கு முன்னால், எதையோ மறந்துவிட்டு வந்தவன் மாதிரி, கொஞ்சம் பின்னால் போவான். பிறகுதான் திரும்புவான். அத்தனை புள்ளிக்கு நடுவிலும் அது தனியாகத் தெரியும். கலாமணி அதைப் பார்த்துப் போய் நிற்பாள். நூல் விழும். நான் குறுக்கே போவேன். திரும்ப வருவார்கள். திரும்பப் போவேன். ஆவணி முழுக்க மத்தியானத்தில் எனக்கு அதுதான் வேலை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவள் முகத்தைப் பார்ப்பேன். அழுதிருந்தால் எவனுக்காக அழுதாய் என்று அடிப்பேன். அழாமல் இருந்தால் அவ்வளவு நெஞ்சழுத்தமா என்று அடிப்பேன். எங்கள் காம்பவுண்டில் அடுத்த வீடு சரசக்கா. நான் கையை ஓங்கினால் அந்த அம்மாள் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவாள். நாகரிகம் தெரிந்தவள்.

கடைசியில் அவன்தான் தோற்றான். ஒருநாள் அந்த மூலையில் அவன் நின்றான். இவள் கிட்டே போனாள். அவன் பின்வாங்கினான். இன்னும் கிட்டே போனாள். இன்னும் பின்வாங்கினான். நூல் விழுந்தால்தானே நான் அறுப்பேன்? நூலே விழாதபடிக்குத் தள்ளித் தள்ளிப் போனான். பிறகு தூரத்திலிருந்தே அவளைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டான். நிதானமாக. லேசாக ஆடினான். போய்விட்டான். அப்புறம் வரவே இல்லை. அவ்வளவுதான் அவன் தைரியம்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் அவளைத் தொடக்கூட இல்லை. ஜெயித்தவன் எதற்கு அடிக்க வேண்டும்? பரோட்டா வாங்கிப் போனேன். அவள் பிசிறுக் கத்தரியை மடியில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். குழந்தை போனபோதுகூட அப்படி அழவில்லை. எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் உயிரோடு எதிரே பரோட்டாவோடு நிற்கிறேன்.

தண்ணீர் கொஞ்சம் குடித்துக்கொள்ளட்டுமா? கையை முக்கி எடுக்கிற இந்தச் சூட்டு மெழுகு இன்றைக்கு ஜாஸ்தியாகச் சுடுகிறது.

அவள் அந்த மூலைக்குத் தினமும் வந்து நின்றாள். தனியாக. எனக்கு அப்போதுதான் யோசனை வந்தது. அவன் நடையை நான் பழகினேன். கொஞ்சம் பின்னால், பிறகு திரும்பல். சுலபமில்லை. எனக்கு அவசரப்பட்டே பழக்கம். மூன்று நான்கு நாள் வெட்டுகிற மேசையிலேயே பயிற்சி செய்தேன். வேறு புள்ளியாகப் புதிதாக உள்ளே போனேன், மூலைக்குப் போனேன், பின்னால் நகர்ந்து திரும்பினேன். அவள் அப்படியே நின்றாள். நான் மறுபடி செய்தேன். அவள் ஓடி வந்தாள். வந்த வேகத்தில் என்னைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். எட்டு வருடத்தில் நான் வீட்டுக்குள் நுழையும்போது அவள் அப்படி ஒருநாளும் வந்ததில்லை.

என் திட்டம் என்னவென்றால், நூல் நன்றாகத் தடிக்கட்டும், அப்புறம் சடாரென்று விலகி அறுத்துவிட வேண்டும், பிறகு வீட்டுக்குப் போய் நான்தான் அது என்று சொல்லிச் சிரிக்க வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். இன்னும் கொஞ்சம் தடிக்கட்டும் என்று. ஐப்பசி வந்துவிட்டது. வெளியே மழை. கம்பெனியில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடியிருப்பார்கள். நானும் அவளும் நிற்போம். ஒன்றும் நடக்காது. ஒன்றுமே நடக்காது, டாக்டரம்மா. அதை எப்படிச் சொல்ல? நெஞ்சுக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிற ஏதோ ஒன்று நின்றுபோகும். கிளம்பும்போது அவள் லேசாக ஆடுவாள். நானும் ஆடுவேன். தாமோதரன் ஒருநாள் என்னைப் பார்த்துவிட்டு, "மாஸ்டரு மொகமே மாறிப்போச்சு, எந்த மகராசன் பக்கத்துல நிக்கறானோ" என்றான்.

ஆனால் வீட்டுக்கு வந்தால் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் அவள் முகமும் மாறியிருந்தது. பிசிறு வெட்டும்போது வாய்க்குள்ளேயே ஏதோ பாடுகிறாள். எவனை நினைத்துப் பாடுகிறாள்? நான்தான் அது, எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதே. யோசித்துப் பாருங்கள். அவளைப் பொறுத்தவரைக்கும் அது வேறொருவன்தானே? கட்டிய புருஷன் இருக்க, தினமும் ஒருவனோடு போய் நிற்கிறாள். அந்த ஒருவன் நான் என்பது தற்செயல். குற்றம் குற்றம்தான். அதற்காக முன்னைவிட அதிகம் அடிக்க வேண்டியிருந்தது. ஒருநாள் காலையில் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன். ஏதோ முறிகிற மாதிரி கேட்டது.

அன்று மத்தியானம் அவள் புள்ளி மெதுவாக வந்தது. கோணல் கோணலாக வந்தது. இடது கையால் நகர்த்துகிறாள் என்று எனக்குப் புரிந்தது. என் பக்கம் வந்து நின்றதும் நடுங்கிக்கொண்டே இருந்தது, நூல் விழவே நேரமாயிற்று. நான் அவளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். யாரும் சொல்லவில்லை, தானாகப் போட்டேன். வேலை மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. துணி விரித்தது விரித்தபடி கிடந்தது, சூப்பர்வைசர் கத்தினான், நான் நகரவில்லை. பாவம், இப்படியா ஒருத்தியைப் போட்டு அடிப்பான், எந்த நாய் அவன் என்று எனக்குள் ஒரு கோபம் வந்தது பாருங்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? இரக்கம் இல்லாதவன் என்று என்னை யாரும் சொன்னதில்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கறி எடுத்துக் கொடுத்திருந்தேன். அவள் அடுப்படியில், நான் வாசற்படியில். இரண்டு பேரும் போனில். நூல் பழைய மாதிரியே கயிறாகிவிட்டிருந்தது. எனக்கு ஒரே ஓர் ஆசை. என் பக்கத்தில் நிற்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். வலது கையில் போன், கட்டைவிரல் புள்ளி மேலே. அப்படியே எழுந்து சத்தம் போடாமல் உள்ளே போனேன்.

அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அரைக்க எடுத்த மிளகாய் அம்மியில் அப்படியே இருந்தது. போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாண போட்டோவில்கூட அந்தச் சிரிப்பு இல்லை. எனக்கு வைத்த சிரிப்புதான். ஆனால் எனக்கு வைத்ததில்லையே. இடது கையால் ஓங்கி அறைந்தேன். அவள் போன் தரையில் விழுந்தது, திரை மேலே பார்த்தபடி. அறைந்த வேகத்தில் என் கட்டைவிரல் பதறி நகர்ந்தது. தரையில் கிடந்த போனில் அவனும் பதறி நகர்ந்தான்.

அவள் தரையைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். கன்னத்தைக்கூடத் தொட்டுக்கொள்ளவில்லை.

"இன்னொருக்கா நகத்துங்க" என்றாள்.

ஏன் நகர்த்தினேன் என்று தெரியவில்லை. கொஞ்சம் பின்னால் போய்த் திரும்பினேன். கை பழகிப்போயிருந்தது.

"நான்தான்டி" என்றேன். "இத்தனை நாளா நான்தான்."

அவள் காலில் விழுவாள் என்று நினைத்தேன். எந்தப் புருஷன் பெண்டாட்டிக்காக மழைக்காலம் முழுக்க மெனக்கெட்டு நிற்பான்? நீங்களே சொல்லுங்கள்.

"அப்ப அவங்க?" என்றாள்.

"எவங்க? அவனை ஆவணியிலேயே அறுத்துட்டேன். துண்டைக் காணோம் துணியைக் காணோம்னு ஓடிட்டான்."

அவளுடைய போனை எடுக்கலாம் என்று நான் குனிந்தேன். என் போனை ஓரமாக வைத்துவிட்டு வலது கையைத் தரையில் ஊன்றினேன். அவள் குழவியைத் தூக்குவது ஓரக்கண்ணில் தெரிந்தது. அரைக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன், டாக்டரம்மா. வேறு எதற்குப் பெண்பிள்ளை குழவியைத் தூக்குவாள்?

முதல் தடவை விரலில் விழுந்தது. நான் கத்தினேன். அவள் அவசரப்படவில்லை. மறுபடி தூக்கி, புறங்கையில் போட்டாள். மிளகாயும் ரத்தமும் ஒன்றாகக் கிடந்தன. அந்தக் கண் எனக்குத் தெரியாத கண். மூன்றாவது தலைக்குத்தான் வருகிறது என்று நினைத்தேன். என்னவோ, குழவியை அம்மி மேலேயே வைத்துவிட்டாள். அது உருளாமல் இருக்கப் பார்த்து வைத்தாள்.

நான் அலறிய அலறலில் அடுத்த வீட்டில் டிவி சத்தம் கூடியது. சரசக்கா பழக்கத்தில் கூட்டிவிட்டாள். அப்புறம் யாருடைய குரல் என்று புரிந்திருக்க வேண்டும், அணைத்துவிட்டு வந்தாள். வாசலில் நின்று என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். எனக்கு ஆட்டோ கூப்பிடுவாள் என்று பார்த்தால், "சேலையெல்லாம் ரத்தமா இருக்குது கண்ணு, நம்ம வீட்டுக்கு வந்து மாத்திக்க" என்கிறாள். கலாமணி எழுந்து அவள் பின்னாலேயே போனாள். போனை எடுக்கவில்லை. திரையில் என் புள்ளியும் அவள் புள்ளியும் அப்படியே நின்றன. நூல் அறுந்திருக்கவில்லை. இரண்டு பேரும் விலகிப் போகவில்லையே, எப்படி அறும்? சார்ஜ் தீர்கிறவரைக்கும் நின்றிருக்கும்.

போலீசுக்கு நான் போகவில்லை. கட்டிங் மாஸ்டரைப் பெண்டாட்டி அடித்துவிட்டாள் என்று திருப்பூர் பூராவும் பேச வேண்டுமா? மானம் என்று ஒன்று இருக்கிறது.

இப்போது இடது கையால் ஆடுகிறேன். தினமும் அந்த மூலைக்குப் போகிறேன். புள்ளி கோணல் கோணலாகத்தான் போகிறது. நேற்றுப் புதிதாக யாரோ என் பக்கத்தில் வந்து நின்றார்கள். அது அவளாக இருக்குமோ என்று பின்னால் நகர்ந்து திரும்பிக் காட்டினேன். விலகிப் போய்விட்டார்கள்.

அவள் எங்கே இருக்கிறாள் என்று சரசக்காவிடம் கேட்டால் டிவியைப் பார்க்கிறாள். தாமோதரனுக்குத் தெரிந்திருக்கிறது. ஊர் பேரும் என்ன வேலை என்பதும் மட்டும் சொல்கிறான். எந்தக் கம்பெனி என்றால் "தெரியாது மாஸ்டர்" என்கிறான். அயர்ன் டேபிளுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சொல்கிறான். கை சரியாகட்டும். பாருங்கள், இன்றைக்குக் கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொடுகிறது. இன்னும் கொஞ்ச நாளில் முழுசாக மூடிவிடும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? மூடிவிட்டால் நானே நேரில் போய்த் தேடிக்கொள்வேன்.

ஏன் கையை விட்டுவிட்டீர்கள்? இன்னும் பந்தை அமுக்கவே இல்லையே. அடுத்த வாரம் வேறு டாக்டரா? ஏன், நீங்கள் நன்றாகத்தானே பார்க்கிறீர்கள். வலிக்காமல் பிடிக்கிறது உங்கள் கை மட்டும்தான்.

சரி, உங்கள் இஷ்டம். நீங்கள் கேட்டதால் சொன்னேன். கலாமணி கரூரில் கொசுவலைக் கம்பெனியில் தைக்கிறாள். தை மாதம் அவளை அங்கே லைன் சூப்பர்வைசர் ஆக்கியிருக்கிறார்கள்.